மேஜருக்கு அப்புறம் என்ன? இராணுவப் பதவி உயர்வு பற்றிக் குளுவாங் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள குளுவாங்கில் ஆர்மி யாருக்கும் புதிதல்ல. மக்கோத்தா முகாமிலிருந்து கிளம்பும் தரைப்படை விமானப் பிரிவின் ஹெலிகாப்டர்கள் செம்பனைத் தோட்டங்களுக்கு மேலே பறப்பதை ரெங்கம், நியோர், பாலோ பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தே வளர்கிறார்கள். ஆனால் முகாம் வேலிக்குள் ஓர் அதிகாரி எப்படி மேலே போகிறார் என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. நான் தரைப்படையில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்பவர்கள் உண்டு. இளம் கேப்டன்கள் ஒரு விதமாகக் கேட்பார்கள், அவர்கள் மனைவிமார் இன்னொரு விதமாக, தோட்டத்து அப்பாக்கள் வேறு விதமாக. எல்லாவற்றையும் இங்கே கலந்தே வைத்திருக்கிறேன்.

முதலில் வரிசையைச் சொல்லுங்கள். கேப்டன் என்ன செய்வார், மேஜர் என்ன செய்வார்?

இரண்டாம் லெப்டினன்ட், லெப்டினன்ட், கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல். அதற்கு மேல் பிரிகேடியர் ஜெனரலில் தொடங்கி நான்கு நிலை ஜெனரல்கள். இடைநிலை என்று நான் சொல்வது கேப்டனிலிருந்து லெப்டினன்ட் கர்னல் வரை.

காலாட்படையை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். முப்பது பேர் அளவுள்ள பிளட்டூனை இளம் லெப்டினன்ட் நடத்துவார். சில பிளட்டூன்கள் சேர்ந்தால் ஒரு கம்பெனி, அதற்குத் தலைவர் மேஜர். கம்பெனிகள் சேர்ந்தால் பெட்டாலியன், அதன் கட்டளை அதிகாரி லெப்டினன்ட் கர்னல். எல்லாரும் அவரை 'சிஓ' என்பார்கள். கேப்டன் இவர்களுக்கு நடுவில் இருப்பவர்: கம்பெனியில் இரண்டாம் ஆள், அல்லது சிஓவின் வலது கையான அட்ஜுட்டன்ட். மலாயில் அவரை அஜுத்தான் என்று கூப்பிடுவார்கள்.

தலைமையகத்திலும் இதே வரிசைதான். அங்கே கேப்டன் 'பெகாவாய் ஸ்டாஃப் 3', அதாவது மூன்றாம் நிலைத் தலைமையக அதிகாரி; மேஜர் 2, லெப்டினன்ட் கர்னல் 1. எண் குறையக் குறைய மேஜை பெரிதாகும், கோப்பும் கனக்கும்.

தம்பி கேப்டனாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. மேஜர் பதவி தானாக வந்துவிடாதா?

தானாக வராது, ஆனால் பெரும்பாலும் வந்துவிடும். இந்தக் கட்டத்தில் சேவைக்காலம் நமக்காக வேலை செய்கிறது. உரிய ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும், பதவி உயர்வுத் தேர்வில் தேறியிருக்க வேண்டும், தன் கோரின், அதாவது தன் படைப்பிரிவின், பயிற்சிகளை முடித்திருக்க வேண்டும், மருத்துவத் தகுதி சரியாக இருக்க வேண்டும், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. இவை இருந்தால் மேஜர் கைக்கெட்டும் தூரம்தான்.

தேங்கிப்போகும் கேப்டன்களைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும். தேர்வை 'அடுத்த வருஷம் எழுதலாம்' என்று தள்ளிப்போடுவார்கள். அட்ஜுட்டன்ட் வேலையில் மூழ்கியிருப்பார்கள், சிஓவும் விட மாட்டார், பயிற்சிக்குப் பெயர் போகாது. நல்ல அட்ஜுட்டன்டை விட்டுக்கொடுக்க எந்த சிஓவுக்கும் மனம் வராது. அதற்காகப் பேசாமல் இருந்துவிடக் கூடாது. 'சார், இந்த வருஷம் இந்தக் கோர்ஸ் முடித்தாக வேண்டும்' என்று வருடத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் ஏன் இத்தனை பேர் மேஜராகவே ஓய்வு பெறுகிறார்கள்?

இடம் இல்லை என்பதுதான் நேரான பதில். தோட்டத்தில் அசிஸ்டன்ட் மேனேஜர்கள் நான்கைந்து பேர் இருக்கலாம், மேனேஜர் பங்களா ஒன்றுதான். பெட்டாலியனும் அப்படித்தான். கம்பெனிக்கு ஒரு மேஜர், அவர்களுக்கு மேல் துணைத் தலைவராக இன்னொரு மேஜர், இவர்கள் அத்தனை பேருக்கும் மேலே ஒரே ஒரு லெப்டினன்ட் கர்னல். தலைமையகங்களிலும் பயிற்சி மையங்களிலும் தற்காப்பு அமைச்சிலும் லெப்டினன்ட் கர்னல் இடங்கள் உண்டு. ஆனாலும் மேஜர்களின் எண்ணிக்கைக்கு அவை போதாது.

ஆகவே கேப்டனிலிருந்து மேஜர் வரை 'தகுதி இருக்கிறதா' என்று பார்க்கிறார்கள். மேஜருக்கு மேலே, தகுதி உள்ளவர்களுக்குள்ளேயே யாரை எடுப்பது என்று பார்க்கிறார்கள். இரண்டும் வேறு வேறு விளையாட்டு. முதலாவதில் ஜெயித்த அதே முறையில் இரண்டாவதிலும் ஜெயிக்கலாம் என்று நினைப்பவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேஜரான பிறகு லெப்டினன்ட் கர்னலுக்குத் தயாராகலாம் என்று இருந்தால் தாமதம். பதவி உயர்வு வாரியம் பார்க்கும் கோப்பில் பாதிக்கு மேல் கேப்டனாக இருந்தபோது எழுதப்பட்டதாகவே இருக்கும். யாரும் கவனிக்காத அந்த ஆண்டுகளில்தான் காரியம் நடக்கிறது.

அந்தக் கோப்பில் அப்படி என்ன இருக்கும்?

முக்கியமாக ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகள். எழுதுபவர் உங்கள் நேரடி மேலதிகாரி. அதைப் படித்துத் தன் கருத்தையும் சேர்ப்பவர் அவருக்கும் மேலே உள்ளவர். வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் உங்களைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். நீங்கள் நல்லவரா, நகைச்சுவையாகப் பேசுவீர்களா, வீரர்கள் உங்களுக்காக உயிரைக் கொடுப்பார்களா, எதுவும் அவர்களுக்குத் தெரியாது. முன்னால் இருப்பது காகிதம் மட்டும்.

அதனால் காகிதத்தில் என்ன ஏறுகிறது என்பதில் அக்கறை வேண்டும். உதாரணத்துக்கு இரண்டு வரிகளைப் பாருங்கள்.

'இவர் கடின உழைப்பாளி. எல்லாரோடும் ஒத்துழைப்பவர். வெள்ள நிவாரணப் பணியில் சிறப்பாகச் செயல்பட்டார்.'

'வெள்ளத்தின்போது மூன்று படகுகளையும் இரண்டு லாரிகளையும் பொறுப்பேற்று, சாலை துண்டிக்கப்பட்ட இரண்டு தோட்டங்களிலிருந்து முதியவர்களையும் பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண்களையும் முதல் இரவிலேயே வெளியேற்றினார். படகு எரிபொருள் தீரும் என்று முன்கூட்டியே கணித்து மாவட்ட அலுவலகத்தோடு பேசி ஏற்பாடு செய்தார்.'

இரண்டும் நான் எழுதிய மாதிரிகள்தான். ஆனால் ஜொகூரில் பணியாற்றிய எவருக்கும் இது கற்பனையாகத் தோன்றாது. 2006 டிசம்பர், 2007 ஜனவரி வெள்ளத்திலும், 2023 மார்ச் வெள்ளத்திலும் படையினர் செய்த வேலை இப்படிப்பட்டதுதான். முதல் வரியை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டாவது ஒரே ஒருவருக்குத்தான் பொருந்தும். அதைப் படிக்கும் வாரிய உறுப்பினர் அந்தப் பெயரைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்பார்.

'அறிக்கை எழுதுவது சிஓ ஆயிற்றே, என் கையில் என்ன இருக்கிறது?' என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். என்ன பணி, எப்போது, எத்தனை பேர், என்ன கருவி, முடிவு என்ன என்று அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். ஆண்டு முடிவில் மேலதிகாரி 'என்னென்ன செய்தாய், சுருக்கமாகக் கொடு' என்று கேட்கும்போது, முக்கால்வாசிப் பேர் நினைவிலிருந்து அரைப் பக்கம் எழுதிக் கொடுப்பார்கள். நோட்டு வைத்திருப்பவர் கொடுக்கும் வரி பல சமயம் அப்படியே அறிக்கையில் ஏறும். சிஓவுக்கும் வேலை மிச்சம்.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. தன் வேலையைத் தானே சொல்லிக்கொள்வது தற்பெருமை என்று தோட்டத்தில் சொல்லித்தான் வளர்த்திருக்கிறோம். படையில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுப்பதற்குப் பெயர் அறிக்கை. கூட்டிச் சொன்னால்தான் தற்பெருமை.

ஸ்டாஃப் காலேஜ் போனால்தான் மேலே போக முடியும் என்கிறார்களே?

ஏறக்குறைய உண்மை. ஆயுதப்படை ஸ்டாஃப் கல்லூரி, மலாயில் மக்தாப் துருஸ் அங்காத்தான் தெந்தெரா. மூத்த கேப்டன் அல்லது மேஜராக இருக்கும்போது தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள், ஓராண்டுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் ஒரே வகுப்பில். வெளிநாட்டு அதிகாரிகளும் வருவார்கள். முடிக்காதவர்கள் யாருமே லெப்டினன்ட் கர்னல் ஆனதில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டாலியன் கட்டளை, அதற்கு மேல் கர்னல், ஜெனரல் என்று கனவு இருந்தால் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க முடியாது.

அங்கே துப்பாக்கி தூக்கச் சொல்லித்தர மாட்டார்கள். யோசிக்கவும் எழுதவும் சொல்லித்தருவார்கள். வரைபடத்தை விரித்து வைத்து எதிரி எங்கே, நம் பலம் என்ன, பாதை எது, மழை வந்தால் என்ன, ரேஷன் எத்தனை நாளைக்கு என்று ஒவ்வொன்றாக எடைபோட்டு, இரண்டு மூன்று வழிகளை வகுத்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் அது என்று எழுத வேண்டும். 'அப்ரிசியேஷன்' என்று அதற்குப் பெயர். பத்திக்கு எண், உட்பத்திக்கு எழுத்து, ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது வரை விதி உண்டு. நல்ல யோசனையை மோசமாக எழுதியவரைவிட, சுமாரான யோசனையைத் தெளிவாக எழுதியவர் அதிக மதிப்பெண் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் போர்க்களத்தில் புரியாத உத்தரவால் ஆள் சாவான் என்று நினைத்துப் பார்த்தால் அதன் நியாயம் தெரியும்.

எனவே கேப்டன்களுக்கு நான் சொல்வது: ஆங்கிலத்தை விட்டுவிடாதீர்கள். அன்றாட நிர்வாகம் மலாயில் ஓடுகிறது. அதில் ஊறிப்போய்ப் பத்து வருஷம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம்கூட எழுதாமல் இருந்துவிட்டு, ஸ்டாஃப் கல்லூரி வந்ததும் திணறுபவர்கள் உண்டு. வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். எதைப் பற்றி வேண்டுமானாலும் இருக்கலாம்.

வெளிநாட்டு ஸ்டாஃப் கல்லூரிக்கும் அனுப்புவார்களாமே?

ஆமாம், சிலருக்கு அந்த வாய்ப்பு வரும். அமெரிக்காவின் லெவன்வொர்த் கோட்டை, ஆஸ்திரேலியா, பாகிஸ்தானின் குவெட்டா என்று இடங்கள் உண்டு. நம்மவர்களுக்குக் கேட்டதும் முகம் மலரும் இடம் ஒன்று இருக்கிறது. இந்தியாவின் தற்காப்புச் சேவைகள் ஸ்டாஃப் கல்லூரி, நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கிறது. 1950லிருந்து அங்கேதான் இயங்குகிறது, நட்பு நாடுகளின் அதிகாரிகளையும் சேர்க்கிறார்கள். கடைத்தெருவில் தமிழ் பேசலாம் என்பது உண்மைதான். வகுப்பு ஆங்கிலத்தில்தான், பாடச்சுமையும் எங்கும் போலத்தான். எந்த நாட்டுக்கு என்பதை அதிகாரி தேர்ந்தெடுக்க முடியாது, இடம் இருக்கும் நாட்டுக்கு அனுப்புவார்கள்.

உண்மையைச் சொல்லுங்கள் ஐயா. கேபிள், அதாவது பெரிய இடத்துச் சிபாரிசு, இல்லாமல், அதுவும் தமிழனாக இருந்து, மேலே போக முடியுமா?

இந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்பவர்கள் குறைவு, காதோரம் கேட்பவர்கள் அதிகம். மழுப்பாமல் சொல்கிறேன்.

படையில் இந்தியர்கள் குறைவு. அதிகாரிகளில் இன்னும் குறைவு. அதனால் மூத்தவர் ஒருவர் தோளில் கை போட்டு 'இந்தக் கோர்ஸுக்கு மனுப்போடு, அந்த போஸ்டிங் வேண்டாம்' என்று சொல்லித்தரும் வாய்ப்பு நம் பிள்ளைக்குக் குறைவாகவே கிடைக்கிறது. நான் பெரிய தடையாகப் பார்ப்பது இதைத்தான். மற்றவர்கள் அதிகாரிகள் கூடும் மெஸ்ஸில் தேநீர் குடிக்கும்போது தெரிந்துகொள்வதை நம்மவர் சுற்றறிக்கை வந்த பிறகு தெரிந்துகொள்கிறார். இதற்கு மருந்து உண்டு: மெஸ்ஸுக்குப் போங்கள். வேலை முடிந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். எந்த இனத்து மூத்தவராக இருந்தாலும், கேட்டால் சொல்லித்தருவார்கள். கேட்காதவனுக்குத் தேடி வந்து சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை.

கேபிள் விஷயத்துக்கு வருவோம். யாரையும் தெரியாமல் இருப்பதைவிட நாலு பேருக்கு உங்களைத் தெரிந்திருப்பது நல்லது, எந்த அலுவலகத்திலும் அப்படித்தான். ஆனால் அப்பாவோ மாமாவோ அரசியல்வாதியிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுப்பது வேறு சங்கதி. அந்தக் கடிதத்தை மகிழ்ச்சியோடு பார்த்த கட்டளை அதிகாரி ஒருவரையும் நான் கண்டதில்லை. தயவுசெய்து வேண்டாம்.

நம்மவர் யாரும் சாதித்ததில்லை என்ற பேச்சும் சரியில்லை. நாட்டின் உயரிய வீர விருதான ஸ்ரீ பஹ்லவான் ககா பெர்காசாவை மறைவுக்குப் பின் பெற்றவர்களில் கேப்டன் மோகன சந்திரன் வேலாயுதன் இருக்கிறார். கடற்படையில் கே. தனபாலசிங்கம் 1967 டிசம்பரில் தன் 31ஆவது வயதில் தளபதியானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் மலேசியர் அவர். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: அது பிரிட்டிஷ் அதிகாரிகள் விலகிக்கொண்டிருந்த காலம், இளம் கடற்படை. இன்றைய தரைப்படையில் 31 வயதில் கேப்டனாகவோ புதிய மேஜராகவோ இருப்பதுதான் இயல்பு. அவரைக் காட்டி உங்கள் மகனைத் திட்டாதீர்கள்.

எந்தப் பிரிவில் இருந்தால் சீக்கிரம் மேலே வரலாம்?

ராயல் மலாய் ரெஜிமென்ட் மலாய்க்காரர்களைச் சேர்க்கும் படை. காலாட்படையில் நம்மவர்களுக்கான வழி பல இனத்தவரும் இருக்கும் ராயல் ரேஞ்சர் ரெஜிமென்ட். பீரங்கிப் படை, கவசப் படை, பொறியாளர், சமிக்ஞை, ஆர்டனன்ஸ், சேவைப் பிரிவு, மின்-இயந்திரப் பொறியியல் என்று மற்றவையும் திறந்தே இருக்கின்றன.

காலாட்படையில் கட்டளை இடங்கள் அதிகம், போட்டியும் அதிகம். சிறிய கோரில் போட்டியாளர் குறைவு, ஆனால் மேலே இடமும் குறைவு. ஒரு மூத்தவர் ஓய்வு பெறும் வரை கீழே அத்தனை பேரும் காத்திருப்பார்கள். தொழில்நுட்பப் பிரிவில் இருப்பவருக்கு வெளியே வந்தால் வேலை சுலபம். கணக்குப் போட்டுப் பார்த்தால் எந்தப் பக்கமும் பெரிய லாபம் இல்லை. பிடித்த வேலை எதுவோ அதில் இருங்கள், அறிக்கையும் தானாக நன்றாக வரும்.

ஐ.நா. அமைதிப்படைக்குப் போனால் பதவி உயர்வில் கணக்கு உண்டா?

உண்டு, ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை. மலேசியப் படையின் ஐ.நா. வரலாறு நீளமானது: 1960இல் காங்கோ, பிறகு சோமாலியா, போஸ்னியா, 2007லிருந்து லெபனான். 1993 அக்டோபரில் மொகடிஷுவில் சிக்கிய அமெரிக்கர்களை மீட்கக் கவச வண்டிகளோடு போனவர்களில் நம் படையினரும் உண்டு. வெளிநாட்டுப் படைகளோடு ஒரே மேஜையில் வேலை செய்த அனுபவம் அறிக்கையில் நன்றாக எடுபடும். அலவன்ஸும் வரும், அதில் வீட்டுக்குக் கூரை மாற்றியவர்கள் நம் வட்டாரத்திலும் இருக்கிறார்கள்.

லெபனான் பணிக்கு 2026 டிசம்பர் 31தான் கடைசி என்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2025 ஆகஸ்டில் தீர்மானித்துவிட்டது. எனவே இப்போதைய இளம் கேப்டன்கள் இதை நம்பித் திட்டம் போட வேண்டாம். அதோடு, கம்பெனியை நடத்த வேண்டிய காலத்தில் அதை விட்டுவிட்டு வெளிநாட்டுப் பணிக்குப் போவது புத்திசாலித்தனம் இல்லை. மேஜரின் கோப்பில் கம்பெனித் தலைமை இல்லாத ஓட்டையை எந்த ஐ.நா. பதக்கமும் அடைக்காது.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல். பிள்ளைகள் படிப்பு என்னாவது?

மனைவிமார் கேட்கும் கேள்விகளில் இதுதான் முதலில் வரும், நியாயமும் இதில்தான் அதிகம். குளுவாங்கில் இருக்கும்வரை தமிழ்ப்பள்ளிக்குக் குறைவில்லை. மலாக்கா தெரண்டாக் முகாமுக்கோ தைப்பிங்குக்கோ போனாலும் சமாளிக்கலாம். கூச்சிங்கோ தாவாவோ என்று உத்தரவு வந்தால்தான் பிரச்சினை. சபாவிலும் சரவாக்கிலும் தமிழ்ப்பள்ளியே கிடையாது. 2013இல் தென் பிலிப்பைன்ஸிலிருந்து ஆயுதக் கும்பல் வந்திறங்கிய லஹாட் டத்து ஊடுருவலுக்குப் பிறகு சபாவின் கிழக்குக் கரையில் படைத் தேவை கூடியிருக்கிறது, ஆகவே அந்தப் பக்கம் ஒரு முறையாவது போகாத இடைநிலை அதிகாரி அபூர்வம்.

குடும்பங்கள் மூன்று விதமாகச் சமாளிக்கின்றன. குடும்பத்தோடு போய்ப் பிள்ளையைத் தேசியப் பள்ளியில் சேர்த்து, தமிழை வீட்டில் சொல்லித்தருகிறார்கள். அல்லது அம்மாவும் பிள்ளைகளும் ஊரிலேயே தாத்தா பாட்டியோடு இருக்கிறார்கள், அவர் தனியே போகிறார். சிலர் ஆறாம் ஆண்டு முடியும்வரை ஓரிடத்தில் விடுமாறு மனுச் செய்து பார்க்கிறார்கள். கிடைத்தால் நல்லது, உரிமை என்று கேட்க முடியாது.

எது நல்லது என்று கேட்டால், சின்னப் பிள்ளைகள் என்றால் குடும்பத்தோடு போவதையே சொல்வேன். அங்கே படைக் குடும்பக் குடியிருப்பு கிடைக்கும், அக்கம்பக்கம் எல்லாம் நம்மைப் போன்றவர்களே. அப்பா இல்லாமல் வளர்ந்த மூன்று வருஷத்தைப் பிறகு ஈடுகட்டுவது கடினம், எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கப் பத்து வயதிலும் சொல்லித்தரலாம். இதை ஒத்துக்கொள்ளாத தமிழாசிரியர்கள் குளுவாங்கில் இருக்கிறார்கள். அவர்களோடு நான் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பதவி உயர்வுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், 'குடும்பக் காரணம்' என்று சபா, சரவாக் மாற்றலைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டவரின் கோப்பில் அதுவும் தெரியும்.

மனைவி பக்காட் நடவடிக்கைகளில் கலந்துகொள்ளாவிட்டால் கணவருக்குப் பாதிப்பா?

பக்காட் என்பது படைக் குடும்பங்களின் நலச் சங்கம். அதற்கு மதிப்பெண் கிடையாது. வேலைக்குப் போகும் மனைவியால் எல்லாக் கூட்டத்துக்கும் வர முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். சிஓ ஆனால் அவர் மனைவிக்கு அதில் தலைமைப் பொறுப்பு தானாக வந்து சேரும், அதற்குள் சமையல் வகுப்பிலும் இறப்பு வீட்டிலும் நாலு முகம் பழகியிருந்தால் அவருக்கே நல்லது.

கடன் இருந்தால் பதவி உயர்வு தடைபடுமா?

அளவு மீறினால் தடைபடும். அரசுச் சேவையில் மாதப் பிடித்தம் சம்பளத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. பணச் சிக்கலில் இருக்கும் அதிகாரியிடம் கொள்முதலையோ ரகசியத்தையோ ஒப்படைக்க யாரும் யோசிப்பார்கள்.

நம் வட்டாரத்தில் இது எப்படி ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரியும். குடும்பத்தில் முதல் அதிகாரி. தங்கைக்குக் கல்யாணம், தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னதால் அப்பாவுக்கு டவுனில் ஒரு தாமான் வீடு, மச்சானுக்கு லாரி. 'உனக்கென்ன, கேப்டன் ஆச்சே' என்ற ஒரு வார்த்தையில் கோப்பராசி எனும் கூட்டுறவுச் சங்கக் கடன் ஒன்று, அப்புறம் அதை அடைக்க இன்னொன்று. கார் வேறு. முப்பத்தைந்து வயதில் கையில் வருவது சார்ஜன்ட் சம்பளத்தைவிடக் குறைவு.

அப்பாக்களே, உங்களிடம் நேரடியாகச் சொல்கிறேன்: மகன் கேப்டனாக இருக்கும் காலத்தில் அவன் பெயரில் கடன் எடுக்கச் சொல்லாதீர்கள். அவன் வேண்டாம் என்று சொல்ல மாட்டான், அதுதான் ஆபத்து. தம்பிமார்களுக்கு ஒரு குறிப்பு: ஆயுதப்படைச் சேமநிதி, அதிகாரி அல்லாத இதர பதவியினருக்குக் கட்டாயம், அதிகாரிகளுக்கு விருப்பம். விருப்பம் என்பதால் பலர் சேருவதே இல்லை. சேர்ந்துவிடுங்கள்.

உடல் தகுதி?

2.4 கிலோமீட்டர் ஓட்டம் மேஜருக்கும் உண்டு. நாற்பது நெருங்கும்போது வயிறு, சர்க்கரை, இரத்த அழுத்தம் மூன்றும் சேர்ந்து வரும். நம் இனத்தில் சர்க்கரை முன்கூட்டியே வருகிறது. மருத்துவ வகை இறங்கினால் எத்தனை நல்ல அறிக்கை இருந்தும் பெயர் ஒதுக்கப்படலாம். காலையில் ரொட்டி சானாய் இரண்டு என்பதை ஒன்றாக்குங்கள், சாயங்காலம் ஓடுங்கள்.

மாஸ்டர்ஸ் படித்தால் உதவுமா?

தற்காப்புப் பல்கலைக்கழகமான யுபிஎன்எம் 2006இல் வந்த பிறகு, இளம் அதிகாரிகள் பலர் பட்டத்தோடுதான் சேர்கிறார்கள். இளங்கலைப் பட்டம் இனி யாரையும் தனித்துக் காட்டாது. முதுகலை உதவும், வேலையோடு தொடர்புள்ளதாக இருந்தால். தளவாட நிர்வாகம், பாதுகாப்பு ஆய்வு, பொறியியல், இணையப் பாதுகாப்பு போன்றவை நல்லவை. கம்பெனித் தலைமையில் இருக்கும்போது வேண்டாம். இரண்டும் கெடும்.

மகன் சாதாரணப் படை வீரனாகச் சேர்ந்தான், இப்போது சார்ஜன்ட். அதிகாரி ஆகலாமா?

ஆகலாம். இதர பதவியிலிருந்து தேர்ந்தெடுத்து அதிகாரி நியமனம் தரும் வழி இருக்கிறது. வயது தள்ளித் தொடங்குவதால் பெரும்பாலோர் கேப்டன், மேஜர் அளவில் நிற்பார்கள். ஸ்டோரும் வண்டியும் ஆளும் அவர்கள் கையில் இருந்தால் சிஓ நிம்மதியாகத் தூங்குவார்.

நான் ஆசிரியர். பல்கலைக்கழகத்தில் பலாப்பேஸ் முடித்து வத்தானியாவில் கேப்டன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பல்கலைக்கழக மாணவர்களுக்கான தொண்டூழிய அதிகாரிப் பயிற்சியான பலாப்பேஸை முடித்தவர்கள் வத்தானியா என்கிற தொண்டூழியப் படையில் இரண்டாம் லெப்டினன்டாக நியமனம் பெறுகிறார்கள். அதற்குப் பதவி உயர்வு வரிசை தனி. ஆண்டுப் பயிற்சிக்கு ஒழுங்காக வந்தீர்களா, உரிய கோர்ஸ்களை முடித்தீர்களா, இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பள்ளி விடுமுறையோடு முகாம் தேதி மோதும்போது பலர் பயிற்சியை விடுகிறார்கள். தலைமையாசிரியரிடம் கடிதத்தை முன்கூட்டியே கொடுங்கள், கடைசி வாரத்தில் கொடுத்தால் அவருக்கும் சங்கடம். மேஜர் வரை போன ஆசிரியர்கள் உண்டு. கவாத்து அணிக்குப் பயிற்சி தரும் ஆசிரியர் நிஜமாகவே மேஜர் என்றால் மாணவர்கள் நடக்கும் நடையே வேறு.

இரண்டு முறை வாரியத்தில் பெயர் வரவில்லை. இனி என்ன செய்வது?

முதலில் ஒரு விஷயத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்: மேஜராக ஓய்வு பெறுவது தோல்வி இல்லை. படையை நடத்திச் செல்வதில் பெரும்பங்கு அந்தப் பதவியில் உள்ளவர்களுடையது. நானும் அதில் ஒருவன், ஆகவே நடுநிலையாகச் சொல்கிறேன் என்று நம்ப வேண்டாம்.

அப்புறம் கணக்குப் பாருங்கள். அதிகாரிகளுக்குக் கட்டாய ஓய்வு வயது பதவியைப் பொறுத்தது. அதுவரை எத்தனை ஆண்டு, பிள்ளைகள் எந்தப் படிவத்தில், வீட்டுக்கடன் எவ்வளவு? இன்னும் காலம் இருந்தால், பயிற்சி மையத்தில் ஆசிரியராகப் போகக் கேளுங்கள். உலு திராமில் உள்ள தரைப்படைப் போர்ப் பயிற்சி மையமான புலாடா இங்கிருந்து தூரமில்லை. நல்ல பயிற்றுநர் என்று பெயர் வாங்கியவரை அடுத்த வாரியம் மறுபடி பார்த்ததும் உண்டு.

காலம் குறைவு என்றால் வெளியே வரத் தயாராகுங்கள். முன்னாள் படையினர் விவகாரக் கழகமான பெர்ஹெபாட் ஓய்வுக்கு முன்பே தொழிற்பயிற்சி தருகிறது. அதிகாரிகள் பலர் 'அது வீரர்களுக்கு' என்று அலட்சியமாக இருந்துவிடுவார்கள். பெரிய தோட்ட நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு, ஆள் நிர்வாகம், தளவாடம் தெரிந்தவர்கள் எப்போதும் தேவை. ஒரு காலத்தில் அப்பா பால் வெட்டிய தோட்டத்தில் மகன் பாதுகாப்பு மேலாளராக வந்து உட்கார்ந்ததை இந்த வட்டாரத்திலேயே பார்த்தேன். அப்பாவுக்கு அதில் எவ்வளவு சந்தோஷமோ, பழைய கிராணிமார் (தோட்ட எழுத்தர்கள்) சிலருக்கு அவ்வளவு கூச்சம்.

எனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று உறுதியாக நினைக்கிறேன். முறையிட முடியுமா?

முடியும். 1972ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சட்டத்தில் அதிகாரிகளின் குறை தீர்க்க வழி இருக்கிறது. முதல் படி உங்கள் கட்டளை அதிகாரியிடம் எழுத்தில் கொடுப்பது, அங்கிருந்து மேலே போகும். படையின் நிர்வாகத்துக்குப் பொறுப்பான ஆயுதப்படை மன்றம் கூட்டரசு அரசியலமைப்பின் 137ஆவது பிரிவின்படி அமைந்தது, தற்காப்பு அமைச்சர் அதன் தலைவர்.

ஆனால் எழுதும் முன் உங்கள் பதிவேட்டைச் சரிபாருங்கள். கோர்ஸ் முடித்தும் பதிவாகவில்லையா, தேர்வு முடிவு சேர்க்கப்படவில்லையா, மருத்துவ வகை பழையதாகவே இருக்கிறதா, நியமனத் தேதி தவறா? இப்படிப்பட்ட எழுத்துப் பிழைகள் நடக்கும், அவற்றைக் காட்டினால் திருத்துவார்கள். சான்றிதழ்களின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும், அலுவலகக் கோப்பை மட்டும் நம்பாதீர்கள். 'என்னைவிட இளையவனுக்குக் கொடுத்தார்கள்' என்பது மட்டுமே காரணம் என்றால் முறையீடு நிற்காது, லெப்டினன்ட் கர்னல் பதவிக்கு மூப்பு ஒன்றே அளவுகோல் அல்ல.

அந்தக் கடிதத்தை ஆத்திரத்தில் இருக்கும் இரவில் எழுதி மறுநாள் காலையிலேயே கொடுத்துவிட வேண்டாம். படை வழக்கம் தெரிந்த, உங்கள் யூனிட்டில் இல்லாத ஒரு மூத்தவரிடம் காட்டுங்கள். தேதி, உத்தரவு எண், இணைப்பு நகல் மூன்றும் இருக்கட்டும். பேஸ்புக்கில் போட வேண்டாம், வாட்ஸ்அப் குழுவிலும் வேண்டாம். அங்கே போட்டால் உங்கள் குறை பின்னால் போய், நீங்கள் போட்டதே விசாரணைக்கு வந்துவிடும்.